சாவடிப் பொறுப்பாளரின் இரவு

நோயுற்றோரைச் சந்திக்க ஒருநாள் மருத்துவமனைக்குச் சென்றிருந்தேன். எம் பங்கைச் சேர்ந்த குடும்பத் தலைவர் ஒருவருக்குப் பிட்யூட்டரிச் சுரப்பியில் தோன்றியிருந்த கட்டி, முந்தின நாள் மூக்கின் வழியாக அகற்றப்பட்டிருந்தது. அவர்தம் துணைவியார் கண்கலங்கி முறையிட்டார்: "ராத்திரி முழுக்க இவங்களைத் தூங்கவே விடலை சாமி. மணிக்கொரு தரம் எழுப்பி, 'இது எத்தனை விரல்?'னு கேக்குறாங்க. மூத்திரத்தை அளந்து அளந்து எழுதுறாங்க. சம்பளத்துக்குச் செய்றவங்களுக்கு இரக்கம் எங்கேருந்து வரும்?"

அக்கேள்வி என்னோடு பங்கு இல்லம்வரை வந்தது. கூலி பெற்று, கடிகார முள்ளுக்குக் கட்டுப்பட்டுச் செய்யும் பணியை அன்பு என அழைக்கலாமா?

பட்டாணி அளவே உள்ள இச்சுரப்பி, மூளையின் அடியில், பார்வை நரம்புகள் ஒன்றையொன்று கடக்கும் இடத்திற்குச் சற்றுக் கீழே, ஓர் எலும்புக் குழியில் அமைந்துள்ளது. 1907ஆம் ஆண்டு, ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக் நகரில் ஹெர்மன் ஷ்லோஃபர் என்னும் அறுவை மருத்துவர், மூக்கின் வழியே இதனை அடைந்து கட்டியை அகற்றினார். இன்று நுண்ணோக்கியும் உள்நோக்கியும் துணைநிற்க, பெரும்பாலான கட்டிகள் மண்டையோட்டைத் திறவாமலே அகற்றப்படுகின்றன. முகத்தில் தழும்பும் தெரிவதில்லை. எனவே எல்லாம் முடிந்தது எனச் சுற்றத்தார் எண்ணுகின்றனர். செவிலியரின் பணியோ அப்பொழுதுதான் தொடங்குகிறது.

சிறுநீரை அளப்பது ஏன்? சிறுநீரகங்கள் நீரைச் சேமிக்கத் தூண்டும் சுரப்புநீர், இச்சுரப்பியின் பின்பகுதியிலிருந்தே வெளிப்படுகிறது. அறுவையால் அப்பகுதி சோர்வுற்றால், வெளிறிய சிறுநீர் லிட்டர் கணக்கில் வெளியேறும், தாகம் அடங்காது, இழந்த நீரை ஈடுசெய்யாவிடில் இரத்தத்தில் சோடியம் ஏறும். இடைவிடாது அளந்து வந்தாலன்றி இதனை உரிய வேளையில் அறிய இயலாது.

விரல்களை எண்ணச் சொல்வது ஏன்? உள்ளே குருதி கசிந்து பார்வை நரம்புகளை அழுத்தினால், கண் மங்குவதே முதல் எச்சரிக்கையாய் அமையக்கூடும். விடியட்டும் எனக் காத்திருந்தால், இழந்த பார்வை திரும்பாமலே போகலாம்.

நோயாளரின் தலையைச் சற்று உயர்த்தியே படுக்க வைக்கின்றனர். மூக்கைச் சிந்தக்கூடாது, குனியக்கூடாது, மலம் கழிக்க முக்கக்கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும் எனச் சலிக்காமல் சொல்கின்றனர். மூக்கிலிருந்து தெளிந்த நீர் சொட்டினாலோ, தொண்டையின் பின்புறம் உப்புச் சுவையோடு இறங்கினாலோ, அது மூளையைச் சூழ்ந்துள்ள நீராக இருக்கலாம். அவ்வழியே கிருமிகள் புகுந்தால் மூளையுறைக் காய்ச்சல் உண்டாகும்.

அம்மையாரின் இரக்கம் உண்மையானதே. ஆயினும் அன்றிரவு அவர் கணவருக்காக உறக்கத்தை வேண்டினார். செவிலியரோ அவர் கண்களைக் காத்தார். பிறரது நன்மையை நாடுவதே அன்பு எனப் புனித தாமஸ் அக்குவினாஸ் விளக்குகிறார். நன்மை எது என அறியாத இரக்கம், சில வேளைகளில் தீங்குக்கே வழிவிடும். அதேபோல், ஆளைப் பாராமல் தாளை மட்டும் நிரப்பும் கடமையும் பொய்த்துப் போகும். "தாகமாயிருக்கிறது" என்று நோயாளர் முனகுவதைக் கேளாமல், எல்லா எண்களையும் விடியற்காலையில் மொத்தமாக எழுதிவைப்பவர், அளப்பதுபோல் ஏமாற்றுகிறார்.

நல்ல சமாரியர் உவமையில் நாம் எளிதில் மறந்துவிடும் ஒருவர் உண்டு: சாவடிப் பொறுப்பாளர். சமாரியர் மறுநாள் புறப்பட்டுச் சென்றார். இரு தெனாரியம் பெற்றுக்கொண்ட இவரிடமே காயமுற்றவர் ஒப்படைக்கப்பட்டார். அதன்பின் வந்த இரவுகளில் கட்டை அவிழ்த்துப் பார்த்தவர் யார்? தண்ணீர் கொடுத்தவர் யார்? கூலி பெற்றதால் அவரது பணி அன்பற்றதாகிவிடுமா? தம்மை நம்பி விடப்பட்டவரை அந்நம்பிக்கை குலையாது காத்திருந்தால், அதுவே அவருடைய அன்பு.

இல்லம் திரும்பியபின் இப்பொறுப்பு குடும்பத்தாரைச் சேர்கிறது. அறுவைக்கு ஏறத்தாழ ஒரு வாரம் கழித்து, சோடியம் திடீரெனக் குறைந்து தலைவலி, குமட்டல், மனக்குழப்பம் தோன்றுவதுண்டு; ஆகவே குறித்த நாளில் இரத்தப் பரிசோதனை தவறலாகாது. ஹைட்ரோகார்ட்டிசோன் மாத்திரை தரப்பட்டிருந்தால், அதை மருத்துவர் சொல்லாமல் நிறுத்தவே கூடாது. காய்ச்சலோ வாந்தியோ கண்டால் உடனே அவரை அணுக வேண்டும்.

பத்து நாள் கழித்து அவர்கள் வீட்டிற்குச் சென்றேன். கட்டிலருகே ஒரு பள்ளி நோட்டுப்புத்தகம் இருந்தது. குடித்த நீர் எவ்வளவு, கழித்த சிறுநீர் எவ்வளவு, மாத்திரை எத்தனை மணிக்கு என அம்மையாரின் கையெழுத்தில் பக்கம் பக்கமாகக் கோடிட்டு எழுதப்பட்டிருந்தது. இரவு இரண்டு மணிக்கும் ஒரு குறிப்பு இருந்தது.

"அன்னைக்குத் தெரியாமப் பேசிட்டேன் சாமி" என்றார் அவர். நோட்டை மூடிக் கையில் கொடுத்தேன். கூலியின்றி அவர் செய்ததும், கூலிக்குச் செவிலியர் செய்ததும் ஒரே பணியாகவே எனக்குத் தோன்றின.