கதிர் பொறுக்கியவளின் வம்சம்



ஞாயிறு பூசை முடிந்து ஹட்டன், நுவரெலியாப் பக்கத்துத் தோட்டங்கள் வழியே நடந்தால் ஒரு காட்சியைக் காணலாம். லயத்துக்கு முன்னாலுள்ள சிறு மண்தரையில் பிள்ளைகள் பந்து விளையாடுவார்கள். பந்து தேயிலைச் செடிக்குள் விழுந்தால் எல்லோரும் சேர்ந்து தேடுவார்கள். "விளையாடி என்னத்தைக் காணப் போகிறாய்?" என்று உள்ளிருந்து ஒரு குரல் கேட்கும். அந்தக் குரல் நம்முடையதாகவும் இருக்கலாம்.

அந்தப் பிள்ளைகளை மனத்தில் கொண்டு ரூத்தின் சரித்திரத்தைச் சற்றுச் சிந்திப்போம். அவள் மோவாபு நாட்டு விதவை. மாமியாரோடு அந்நிய ஊருக்கு வந்து, பிறர் வயலில் சிந்திய கதிர்களைப் பொறுக்கி வயிறு வளர்த்தாள். அவள் மகன் ஓபேது, அவன் மகன் ஈசாய், அவன் மகன் தாவீது. கவண்கல்லால் கோலியாத்தை வீழ்த்தினானே, அதே தாவீது! நம் ஆண்டவரும் அந்த வம்சத்திலேயே பிறந்தார். கதிர் பொறுக்கிய அன்று ரூத்துக்கு இதெல்லாம் தெரியுமா? தெரியாது. அன்றைய உணவைத் தேடினாள், அவ்வளவுதான்.

நம் மலைநாட்டிலும் இப்படி ஒரு குடும்பம் உண்டு. 1920ஆம் ஆண்டில் பெரியசாமி சின்னசாமி என்பவர் தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்தார். பிற்காலத்தில் அவர் ஊர் திரும்பினார். மகன் முத்தையா இங்கேயே தங்கி, கண்டியில் பிஸ்கட் தொழில் நடத்தினார். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நம் மக்களில் பல இலட்சம் பேரை நாடற்றவர்களாக்கியிருந்தது. 1977ஆம் ஆண்டுக் கலவரத்தில் முத்தையாவின் தொழிற்சாலையும் எரிக்கப்பட்டது. அப்போது அவருடைய மூத்த மகனுக்கு வயது ஐந்து.

அந்தச் சிறுவனே முத்தையா முரளிதரன். இந்துக் குடும்பத்துப் பிள்ளை. ஒன்பது வயதில், ஆசீர்வாதப்பர் சபைத் துறவிகள் நடத்திய கண்டி புனித அந்தோனியார் கல்லூரியில் சேர்ந்தார். மித வேகப் பந்து வீசிய அவரைப் பதினான்கு வயதில் சுழற்பந்துக்குத் திருப்பியவர் பயிற்றாசிரியர் சுனில் பெர்னாண்டோ. நல்லாசிரியரின் கண் பிள்ளையின் கையைப் பார்க்கும்; அவன் தாத்தா தோட்டக் கூலியா என்று பார்க்காது.

அந்தக் கையிலும் ஒரு குறை. முழங்கை பிறவியிலேயே முழுவதும் நிமிராது. 1995 டிசம்பர் 26 அன்று மெல்பேர்ன் மைதானத்தில், பல்லாயிரம் பேர் முன்னிலையில், அவர் பந்தை எறிகிறார் என்று நடுவர் ஏழு முறை 'நோ போல்' கொடுத்தார். அவர் ஆட்டத்தை விட்டு ஓடவில்லை. விஞ்ஞானப் பரிசோதனைக்குக் கையை நீட்டினார். 1996இல் சர்வதேச கிரிக்கெட் சபை அவர் தொடர்ந்து பந்துவீச அனுமதித்தது. 2010 ஜூலை 22 அன்று காலியில், தம் கடைசி டெஸ்ட் பந்தில் 800ஆவது விக்கெட்டை வீழ்த்தினார். அந்த எண்ணிக்கையை இன்றுவரை வேறெவரும் எட்டவில்லை.

எரித்தவர்களின் நாடென்று வெறுத்து ஒதுங்க அவருக்குக் காரணம் இருந்தது. அவரோ அந்நாட்டின் தொப்பியை அணிந்தே ஆடினார். அநீதியை அநீதி என்றே சொல்வோம். ஆனால் அதன் கசப்பைப் பிள்ளைகளுக்குச் சொத்தாக எழுதிவைக்க வேண்டாம்.

எல்லாப் பிள்ளைகளும் முரளிதரன் ஆக மாட்டார்கள். 800 விக்கெட்டுகளால் ஒரு லயத்தின் ஒழுகும் கூரையும் அடைபடவில்லை. ஆகையால் பெற்றோரே, பந்தைக் காட்டிப் பள்ளியை நிறுத்தாதீர்கள். பள்ளியைக் காட்டிப் பந்தையும் பிடுங்காதீர்கள். பிள்ளையின் உடற்குறையைச் சொல்லிக் கேலி செய்யாதீர்கள். கொழுந்துக் கூடை சுமந்த பாட்டியின் கதையை வெட்கமின்றிச் சொல்லிக் கொடுங்கள். ரூத்தின் பெயரை வேதாகமம் மறைக்கவில்லை. நம் ஆண்டவரின் வம்ச அட்டவணையிலேயே எழுதி வைத்திருக்கிறது.

விசுவாச வாழ்வைப் பந்தய ஓட்டத்துக்கு ஒப்பிட்டார் புனித சின்னப்பர். இன்று மாலை உங்கள் பிள்ளையின் பந்து தேயிலைச் செடிக்குள் விழுந்தால், ஏசாமல் நீங்களும் இறங்கித் தேடுங்கள். யாருடைய வம்சத்தில் எவரை எழுப்ப இறைவன் சித்தங்கொண்டிருக்கிறார் என்பதை நாம் அறியோம்.