சொல்லியாயிற்று, யாருக்கு?

பசுவந்தனையைச் சுற்றிய கரிசல் காட்டில் பெரும்பாலும் மானாவாரி வெள்ளாமைதான். புரட்டாசியில் விதைத்த உளுந்துக்கும் பாசிப்பயறுக்கும் மக்காச்சோளத்துக்கும் ஐப்பசியில் களையெடுக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை இடியும் மின்னலுமாக இறங்குவதும் அதே ஐப்பசியில்தான். களையெடுப்பு இங்கே பெண்களின் வேலை. ஆக, மின்னல் வெட்டும்போது வெட்டவெளியில் நிற்பவர்களில் பெண்கள் அதிகம். மின்னல் ஆள் பார்த்து இறங்குவதில்லை. யார் அங்கே நிற்க வேண்டும் என்பதை முடிவு செய்தவர்கள் மனிதர்கள்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022இல் இந்தியாவில் மின்னல் தாக்கி இறந்தவர்கள் 2,887 பேர். எச்சரிக்கை இல்லாமல் இல்லை. புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் உருவாக்கிய ‘தாமினி’ செயலி, நாம் இருக்கும் இடத்தைச் சுற்றி 20, 40 கிலோமீட்டருக்குள் விழும் மின்னலைக் காட்டுகிறது. கைப்பேசிகளுக்குக் குறுஞ்செய்தியும் வருகிறது. சாவு நிகழ்ந்தபின், ‘எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது’ என்று சொல்லிவிட முடிகிறது.

இலக்கணம் கற்பிக்கிறவள் என்பதால் அந்த வாக்கியம் என்னை உறுத்துகிறது. செயப்பாட்டுவினையில் விடுத்தவர் மறைந்துகொள்கிறார். அதைவிட முக்கியம், அதில் நான்காம் வேற்றுமை இல்லை. ‘கு’ என்ற உருபுதான் கொள்பவரைக் காட்டும். யாருக்கு விடுக்கப்பட்டது? 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தாமே பயன்படுத்தும் கைப்பேசி வைத்திருக்கும் இந்தியப் பெண்கள் 100க்கு 54 பேர்தான்.

மீதிப் பேருக்கும் கைப்பேசி கிடைத்தால் போதுமா? களையெடுக்கப் போகும் ஒரு மூத்த பெண் என்னிடம் சொன்னார்: “மேகம் கருக்கறது எங்களுக்குத் தெரியாதா, தாயி? பாதியில கரையேறினா சம்பளம் யாரு தருவா?”

‘மரத்தடியில் நிற்காதீர்கள், கட்டடத்துக்குள் செல்லுங்கள்’ என்கிறது அறிவுரை. அது சரியான அறிவுரைதான். ஆனால் கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஒரு வேம்பும் சில வேலிக்கருவைகளும் மட்டுமே நிற்கும் காட்டில் எந்தக் கட்டடத்துக்குப் போவது? நனைந்த கரிசல் காலில் அப்பிக்கொண்டால் ஓடவும் முடியாது.

தெரிவது வேறு, விலக முடிவது வேறு. வங்கதேசத்தை 1991 ஏப்ரலில் தாக்கிய புயலில் ஏறத்தாழ 1,40,000 பேர் இறந்தார்கள். ஆண்களைவிடப் பெண்கள் அதிகம். புயல் வருகிறது என்று கேள்விப்பட்டும், வீட்டு ஆண் வராமல், அவர் சம்மதமில்லாமல் வெளியேற முடியாமல் இருந்துவிட்ட பெண்கள் பலர். அங்கே சம்மதம் தடுத்தது. இங்கே கூலி தடுக்கிறது.

‘பெரியவர்களுக்குத் தகவலைச் சொல்லலாம், கையைப் பிடித்து இழுக்க முடியுமா? முடிவு அவரவர் சுதந்திரம்’ என்று வாதிடலாம். இந்த வாதத்தை நான் மதிக்கிறேன். ஆனால் சுதந்திரம் என்றால் இரண்டு வழியும் திறந்திருக்க வேண்டும். ஒரு வழியில் பட்டினி நிற்கும்போது, ‘நீயே முடிவு செய்’ என்பது மரியாதை ஆகாது. எச்சரித்தவரின் பொறுப்பு அந்த நொடியில் கேட்டவரின் தலைக்கு மாறிவிடுகிறது. பிறகு அவள் இறந்தால் ‘சொல்லியும் கேட்கவில்லை’ என்ற பழியும் அவளுக்கே.

இன்னொரு கேள்வி இதைவிடக் கடினமானது. மின்னல் எச்சரிக்கை பல நாள் பொய்க்கும். வானம் முழங்கிவிட்டு ஓய்ந்துவிடும். அன்று வேலை நின்றதற்கான விலையை யார் கொடுப்பது? உயிரைக் காக்கும் எந்த எச்சரிக்கைக்கும் இப்படி வீணாகும் நாள்கள் உண்டு. அந்த நட்டத்தை அன்றாடங்காய்ச்சியின் மடியில் கட்டிவிட்டால், அடுத்த முறை அவள் எச்சரிக்கையைக் கேட்க மாட்டாள். அதை அறியாமை என்று சொல்வது அநியாயம். அவள் போடுவது சரியான கணக்கு.

மின்னல் தாக்கி இறந்தவரின் குடும்பத்துக்குத் தமிழ்நாட்டில் 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. அது வேண்டும். ஆனால் செத்தபின் 4 லட்சம் தரும் ஏற்பாட்டில், சாகாமல் கரையேறியவளின் அரைநாள் கூலிக்கு இடமில்லை.

ஆகவே எச்சரிக்கை என்பது வெறும் தகவல் இல்லை. அது ஒரு வாக்குறுதி. ‘விலகிப் போ’ என்று சொல்பவர், விலகுவதற்கான வழியையும் தர வேண்டும். இடி முழங்கி நின்ற வேலைக்கு முழுக்கூலி, காட்டுக்கு நடக்கும் தூரத்தில் ஒரு பாதுகாப்பான கட்டடம், ‘கரையேறுங்கள்’ என்று சொல்லும் அதிகாரம் களையெடுக்கும் பெண்களில் ஒருவருக்கே. இவை கிராமசபையில் நாம் எழுந்து கேட்கக்கூடியவை. இவை இல்லாதவரை, சொல்லியாயிற்று என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை.