நாற்காலியைப் பற்றிய கை

நெதர்லாந்து நாட்டில் கடுங்குளிர் வந்து கால்வாய்கள் உறைந்துவிட்டால், சமையலறை நாற்காலிகளும் வீட்டைவிட்டு வெளியே வந்துவிடும். பனிக்கட்டியின்மேல் சறுக்கக் கற்கும் சிறுவர், நாற்காலியின் முதுகைப் பற்றி, அதைத் தள்ளியவாறே அடியெடுத்து வைப்பர். நம் குழந்தைகளுக்கு நடைவண்டி எப்படியோ, அவர்களுக்கு அந்த மரநாற்காலி அப்படி. அத்தகைய குளிர்காலம் இன்று அருகிவிட்டது. ஃப்ரீஸ்லாந்துப் பகுதியின் பதினொரு நகரங்களைத் தொட்டு ஏறத்தாழ 200 கிலோமீட்டர் சறுக்கிச் செல்லும் புகழ்பெற்ற பயணம், 1997-க்குப் பின் நடைபெறவே இல்லை. ஆயினும் செயற்கைப் பனியரங்குகளில் பென்குவின் வடிவப் பிளாஸ்டிக் பொம்மைகள் நாற்காலியின் வேலையைச் செய்துவருகின்றன.

இத்துணை நல்லதா என்பதில் கற்பிப்போரிடையே கருத்து வேறுபாடு உண்டு. காரணம் எளியது. சறுக்குக் காலணியின் அடியிலுள்ள எஃகுத் தகட்டிற்கு இரு விளிம்புகள் உள்ளன. உள்விளிம்பைப் பனியில் அழுத்திப் பக்கவாட்டில் உந்தும்போதே உடல் முன்னேறுகிறது. அப்போது உடலின் பாரம் முழுவதையும் மற்றொரு கால் சில கணங்களேனும் தனியே தாங்க வேண்டும். நாற்காலியைப் பிடித்தவரோ முன்னே சாய்கிறார். பாரம் கைகளுக்குப் போய்விடுகிறது. கால்கள் பின்னோக்கி உதைக்கின்றன. ஒரு மணி நேரம் விழாதிருந்தார், உண்மைதான். ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் அவர் கற்றது நாற்காலி தள்ளுவதையே அன்றோ!

அப்படியானால் துணையே கூடாதா? அவ்வாறு சொல்ல நமக்கு மனம் வரவில்லை. அச்சத்தால் விறைத்த உடல் எதையும் கற்காது. முதல் நாளின் நடுக்கம் தீரப் பற்றிக்கொள்ள ஏதேனும் ஒன்று வேண்டும். நம்மை உறுத்தும் கேள்வி வேறு: நாற்காலி யாருடைய அச்சத்தைத் தணிக்கிறது? குழந்தையின் நடுக்கம் பலமுறை அரைமணி நேரத்தில் தீர்ந்துவிடுகிறது. கரையில் நிற்கும் பெற்றோரின் நடுக்கம் தீருவதில்லை. குழந்தைக்கென்று கொடுத்த துணை, நமக்கே தெரியாமல் நமக்கான துணையாகிவிடுகிறது. அதை அன்பு என்றே நாம் அழைத்துக்கொள்கிறோம்.

அந்த அச்சம் வெறும் கற்பனையும் அன்று. ஸ்கீடாம் நகரின் புனித லித்வினா, 14-ஆம் நூற்றாண்டின் இறுதியில், தம் 15-ஆம் வயதளவில் பனிமேல் விழுந்து விலா எலும்பு முறிந்தவர். 1433-இல் இறக்கும்வரை நோயிலேயே வாழ்ந்தவர். சறுக்குவோர் அவரையே தங்கள் பாதுகாவலராகக் கொண்டனர். திறமையாய்ச் சறுக்கிய ஒருவரைத் தேடாமல், விழுந்தவரைத் தெரிந்துகொண்டார்கள் என்பது எண்ணத்தக்கது. இன்றும் நல்ல பயிற்சியாளர் முதலில் கற்பிப்பது, முழங்காலை மடக்கிப் பக்கவாட்டில் விழுவதையும், விழுந்தபின் எழுவதையுமே. நாற்காலி இந்தப் பாடத்தைத் தள்ளிப்போடுகிறது.

எனினும், எல்லாத் துணையும் ஒருநாள் விலக்கப்பட வேண்டியது என்று விதி செய்துவிடலாகாது. கால்கள் செயலிழந்தோர் இரு தகடுகள் பொருத்திய சறுக்குவண்டியில் அமர்ந்து, முனையில் கூர்ப்பற்கள் கொண்ட இரு குறுங்கோல்களால் பனியை உந்தி ஹாக்கி ஆடுகின்றனர். 1994-இல் நார்வேயின் லில்லஹாமரில் இவ்விளையாட்டு பாராலிம்பிக்கில் இடம்பெற்றது. அவ்வண்டியை எவரும் கற்றுக்குட்டியின் ஊன்றுகோல் என்று இகழ்வதில்லை. அதன்மேல் அமர்ந்தவர் தம் உடலின் சமநிலையைத் தாமே காக்கிறார். தம் வேகத்தைத் தாமே உண்டாக்குகிறார். நாற்காலி செய்யாததை அது செய்கிறது.

ஆகவே, எத்தனை நாள் பிடித்திருக்கலாம் என்று நாள் குறிப்பதில் பயனில்லை. பிடியின் இறுக்கத்தைக் கவனிப்பதே மேல். சாய்ந்திருந்த முதுகு நிமிர, பாரம் மெல்லக் கால்களுக்கு இறங்க, விரல்நுனிகள் மட்டும் நாற்காலியைத் தொட்டுக்கொண்டிருக்கும் நிலை ஒன்று உண்டு. அப்போது நாற்காலியைப் பறிக்க வேண்டியதில்லை. அது தானே பின்தங்கிவிடும். அந்த நேரம் பார்த்துக் கரையிலிருந்து, “கெட்டியாகப் பிடித்துக்கொள், கண்ணே!” என்று ஒரு குரல் எழுந்தால், விரல்கள் மீண்டும் இறுகிவிடுகின்றன.