சுருதிக்கு என்ன மடி ஆசாரம்?

புளியந்தோப்பு ஹவுசிங் போர்டு வீட்டில் ஒரு பையன் கானா பதிவு செய்கிறான். எதிரொலி அடிக்காமலிருக்கச் சுவரில் மெத்தை சாய்த்திருக்கிறது. லேப்டாப், மைக், ஆட்டோட்யூன். பாட்டு வெளிவந்ததும் முதல் ஏச்சு வருகிறது: "இதெல்லாம் ஒரு பாட்டா? மெஷின்ல பாடுது." ஏசுகிறவர் ஏமாந்துபோனவர் மாதிரிப் பேசுகிறார். எதில் ஏமாந்தார்?

இதே புளியந்தோப்பில், கே.பி. பூங்காவில் குடிசை மாற்று வாரியம் கட்டிய புதுக் குடியிருப்பில், 2021இல் கையால் தடவினாலே சுவர்ப்பூச்சு உதிர்ந்தது. ஐ.ஐ.டி. குழு வந்து ஆராய்ந்தது. ஏமாற்று என்றால் அது. அந்தச் சுவருக்குள் பிள்ளைகள் தூங்குகிறார்கள். பாட்டில் ஒரு சுரத்தை இழுத்து நிறுத்தியதில் யார் தலையில் என்ன விழுந்தது? கேடு இன்னதென்று காட்ட முடியாதபோதுதான் 'சுத்தம்' என்ற பேச்சு வரும். நமக்குப் பழகிய பேச்சுதான்.

ஆட்டோட்யூனை உருவாக்கிய ஆண்டி ஹில்டபிராண்ட், பூமிக்குள் ஒலியை அனுப்பி, திரும்பிவரும் அலையைக் கணக்கிட்டு எண்ணெய் தேட உதவியவர். அந்தக் கணக்கு வித்தையை 1997இல் குரலுக்குத் திருப்பினார். (மணலி சுத்திகரிப்பு ஆலையின் காற்றைச் சுவாசிக்கும் வடசென்னைக்கு, எண்ணெயால் விளைந்த ஒரே நல்லது இதுவாகவும் இருக்கலாம்.) குரலின் அதிர்வை அளந்து அருகிலுள்ள சுரத்துக்கு இழுப்பதுதான் வேலை. எவ்வளவு விரைவாக இழுக்க வேண்டும் என்பதற்கு ஒரு திருகு உண்டு. நிதானமாக வைத்தால் திருத்தியது காதுக்கே தெரியாது. பூஜ்யத்தில் வைத்தால் குரல் படிக்குப் படி தாவும். 1998இல் ஷெர் பாடிய 'பிலீவ்' அந்தத் தாவலைத்தான் உலகமெங்கும் கேட்கவைத்தது.

நம் பையன் பூஜ்யத்தில் வைக்கிறான். எதையும் ஒளிக்கவில்லை. காதுக்குத் தெரியாமல் திருத்துகிறவருக்கு 'இயற்கையான குரல்' என்று பட்டம், தெரியும்படி திருத்துகிறவனுக்கு மோசடிக்காரன் என்று பெயர்!

இந்தச் சுத்தப் பேச்சு புதிதல்ல. அகில இந்திய வானொலி 1940இல் ஆர்மோனியத்துக்குத் தடை போட்டது. கமகம் பேசாது, கட்டைக்குக் கட்டை விறைத்து நிற்கும் என்றார்கள். தடை தளரத் தொடங்கியது 1971இல். நாடகக் கொட்டகையோ அந்தப் பெட்டியை விடவே இல்லை. மைக்கும் மின்தம்புராவும் சபா மேடை ஏறியபோது யாருடைய மடியும் கெட்டுவிடவில்லை.

அதற்காகப் பையனை விட்டுவிடுவதற்கில்லை. எந்த ஸ்கேல் என்று மென்பொருள் கேட்கும் இடத்தில் பன்னிரண்டு சுரத்தையும் இருந்தபடியே விட்டுவிடுகிறான். சாவு வீட்டில் விடிய விடியப் பாடும் கானாவில் குரல் ஒரு சுரத்திலிருந்து சறுக்கும்; அடுத்ததைத் தொடாமலே அழுகையாக நின்றுவிடும். மென்பொருளுக்கு அது பிழை. தகரத்தில் தட்டும் தாளம் மயிரிழை பிந்தி விழும். அதையும் குவாண்டைஸ் போட்டுக் கட்டத்துக்குள் உட்காரவைக்கிறான். பிந்தியது தப்பென்று யார் சொன்னது? 2012இல் 'அட்டகத்தி' படத்தில் கானா பாலாவைப் பாடவைத்தது இந்த வடசென்னைக் குரலுக்காகத்தானே? ஏசுகிறவர் கும்பிடும் 'சரியான சுரம்' என்ற சாமிக்கே இவனும் மொட்டை போடுகிறான். மெலோடைன் என்ற இன்னொரு மென்பொருளில் ஒவ்வொரு சுரமும் திரையில் தனித்தனித் திட்டாகத் தெரியும். எதைத் தொடுவது, எதை விடுவது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு முடிவுசெய்ய ஒரு ராத்திரி பிடிக்கும். மொத்தமாகத் திருத்த ஒரு சொடுக்கு போதும். கீழ்ப்படிய எப்போதுமே அவ்வளவு நேரம்தான் ஆகும்.

போட்டி மேடையில் நேரடிக் குரல் என்று சொல்லிவிட்டுத் திருத்தினால் பொய்தான். பக்கத்தில் நிற்பவரின் பரிசைப் பறிக்கிற பொய். பதிவுப் பாட்டில் அப்படியொரு வாக்கு யாரும் கொடுப்பதில்லை. இல்லை, கொடுத்தே ஆகவேண்டும் என்கிறீர்களா? சரி. கச்சேரி ஆல்பங்களின் உறையில் எத்தனை இடத்தில் வெட்டி ஒட்டினோம், எந்த வரியைத் திரும்பப் பாடிச் சேர்த்தோம் என்று முதலில் அச்சிடுங்கள். அப்புறம் புளியந்தோப்புக்கு வாருங்கள்.