கீறலும் கையும்

இனிப்புப் பொதியொன்றின் மெல்லிய உறையை இரு கைகளாலும் எவ்வளவு இழுத்தாலும் அது எளிதிற் கிழிவதில்லை. விளிம்பில் நகத்தளவு வெட்டொன்று இருப்பின், சிறுபிள்ளையின் இழுப்புக்கும் இடங்கொடுத்துவிடுகிறது. உறையைக் கிழித்தது வெட்டா, இழுப்பா? அற்பமாகத் தோன்றும் இவ்வினா, ஒரு தீங்குக்குப் பொறுப்பாளி யார் என ஆராயும் அறவியலின் பழைய வினாவேயாகும்.

பௌதிகவியல் இதனை நுணுகி நோக்கியுள்ளது. தகட்டிலுள்ள துளை தன் விளிம்பிலே தகைப்பைத் திரட்டிக்கொள்கிறது என 1913இல் இங்கிலிஸ் என்பார் கணித்துக் காட்டினார். வட்டத்துளையின் விளிம்பில் அது மும்மடங்காகும். துளை நீண்டு கூராகும்போதோ பன்மடங்காகும். அவ்வாறாயின் கூரிய கீறல்களைத் தாங்கிய கண்ணாடிகள் உடையாது நிற்பதேன்? 1921இல் வெளிவந்த கட்டுரையில் கிறிபித் இதனை விளக்கினார். விரிசல் முன்னேறுகையில், பொருளிற் சேர்ந்திருந்த மீள்தன்மைச் சக்தி விடுபடுகிறது. புதிய பரப்புகளை ஆக்குவதற்குச் சக்தி செலவாகிறது. விடுபடுவது செலவுக்கு ஈடாகும்வரை விரிசல் நின்ற இடத்திலேயே நிற்கும். அது நான்கு மடங்கு நீளமாயின், அதனை ஓடச்செய்யப் பாதித் தகைப்பே போதும்.

எனவே, "நான் இட்டது சிறு கீறல்தானே" என்பவனும், "கீறல் முன்னரே இருந்ததே" என்பவனும் உண்மையே பேசுகின்றனர். உண்மை பேசியதனால் இருவரும் விடுதலை பெறுவரா? பொறுப்பை ஆளுக்குப் பாதியாகப் பகிர்ந்தளிப்பது கணக்காளரின் அறம். ஒன்றின்றி மற்றது பயனற்றதாகும் இடத்திற் பாதி என்பதற்குப் பொருளில்லை. வெட்டியவன் இழுப்பு வரும் என அறிந்தானா, இழுத்தவன் வெட்டைக் கண்டானா என்பனவே கேட்கத்தக்கவை. உறையிடம் இவற்றைக் கேட்க இயலாது. உவமை இங்கே முறிகிறது, முறிவதும் நன்றே. கலவரமொன்றைப் பற்றி 'சமூகத்தில் விரிசல் பரவியது' என எழுதுவோர் உளர். அவ்வாக்கியத்தின் எழுவாய் விரிசல். தீ வைத்த கை அதில் எங்குமே இல்லை.

கையின் நோக்கம் பற்றியும் ஒன்று கூறவேண்டும். சுவரில் ஒட்டிய தாளில் இரு வெட்டுகளிட்டு, இடையிலுள்ள நாவைப் பற்றி இழுப்பவன் நேரான பட்டியையே விரும்புகிறான். கிடைப்பதோ நுனி நோக்கி ஒடுங்கும் முக்கோணம். ஹாம், றெயிஸ், செர்டா முதலியோர் 2008இல் இதன் காரணத்தை வெளியிட்டனர். மடிந்த பகுதியில் வளைவினாற் சக்தி தங்குகிறது; பட்டி ஒடுங்கினால் அச்சக்தி குறையும்; ஆதலின் இரு விரிசல்களும் ஒன்றையொன்று நாடுகின்றன. கை நடுங்கியதால் நேர்ந்ததன்று. எத்துணை நேராக இழுப்பினும் நிகழ்வது இதுவே. ஆகவே, "நான் கருதியது இதுவன்று" எனும் முறையீடு முதன்முறை இழுப்பவனுக்குப் பொருந்தலாம். ஆனால் பட்டி ஒரு கணத்தில் ஒடுங்கிவிடுவதில்லை. இழுப்பவனின் கண்முன்னே, விரற்கடை விரற்கடையாக ஒடுங்குகிறது. நுனி அறுமுன் கையை நிறுத்த அவனுக்கு நேரமுண்டு.