கட்டிலை விட்டு எவ்வளவு தூரம்?

எம்.டி. முடித்த கையோடு என்னைப் பார்க்க வரும் மாணவர்கள் கேட்கும் கேள்வி ஆண்டுக்கு ஆண்டு மாறுவதே இல்லை. "சார், நான் எந்தப் பக்கம் போகட்டும்?" அவர்கள் முன்னால் மூன்று பக்கங்கள் இருக்கின்றன. கடைசி வரை நோயாளிகளைப் பார்த்துக்கொண்டே இருந்துவிடலாம். மருத்துவக் கல்லூரியில் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்து பாடம் நடத்தலாம், ஆராய்ச்சி செய்யலாம். இல்லையென்றால் கண்காணிப்பாளர், இணை இயக்குநர், டீன் என்று நிர்வாகத்தில் ஏறலாம். ஒன்றைப் பிடித்தால் மற்ற இரண்டையும் கைகழுவ வேண்டும் என்றே பிள்ளைகள் நினைக்கிறார்கள்.

காவிரி டெல்டாவில் வைத்தியம் பார்த்து, பாடம் சொல்லிக்கொடுத்து, சில காலம் நிர்வாகமும் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எனக்கு அந்தக் கேள்வி வேறு மாதிரிப் படுகிறது. நோயாளியின் கட்டிலை விட்டு ஒரு மருத்துவர் எவ்வளவு தூரம் போகலாம்? எதற்காகப் போகலாம்?

எங்கள் பக்கத்துப் பாம்புக்கடியை எடுத்துக்கொள்வோம். நெல் இருக்கும் இடத்தில் எலி இருக்கும். எலி இருக்கும் இடத்துக்குப் பாம்பு வரும். ராத்திரியில் செருப்பில்லாமல் மடை திறக்கப் போனவர், வைக்கோல் போரில் கை விட்டவர், கதிர் அறுக்கக் குனிந்த அம்மா என்று அறுவடைக் காலத்தில் ஒருவர் மாற்றி ஒருவராக வருவார்கள். கடித்தது கண்ணாடிவிரியனாக இருந்தால் ரத்தம் உறையும் தன்மை கெட்டுப்போகும். அதைக் கண்டுபிடிக்கப் பெரிய இயந்திரம் எதுவும் வேண்டாம். கொஞ்சம் ரத்தம் எடுத்து, சுத்தமான, உலர்ந்த கண்ணாடி டெஸ்ட் டியூபில் விட்டு, 20 நிமிடம் ஆடாமல் அசையாமல் வைத்துவிட வேண்டும். பிறகு ஒரே ஒரு முறை சாய்த்துப் பார்க்க வேண்டும். உறைந்து நின்றால் சற்று மூச்சு விடலாம். ஆனாலும் விடிய விடியக் கண்காணித்து மறுபடி மறுபடி சோதிக்க வேண்டும். தண்ணீர் போல ஓடினால் விஷமுறிவு மருந்தை உடனே ஏற்ற வேண்டும். அந்த 20 நிமிடமும் வெளி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் மனைவி கேட்டுக்கொண்டே இருப்பார்: "ஒண்ணும் ஆவாதுல்ல, டாக்டரய்யா?"

அந்த டியூப் கண்ணாடியாகத்தான் இருக்க வேண்டும். கண்ணாடிப் பரப்பில் படுவதால்தான் ரத்தம் உறையத் தொடங்குகிறது. பிளாஸ்டிக் டியூபிலோ, சோப்புப் போட்டுக் கழுவிய டியூபிலோ விட்டால் நல்ல ரத்தம்கூட உறையாமல் நிற்கலாம். அதை நம்பி, தேவையில்லாதவருக்கு மருந்தை ஏற்றிவிடுவோம். குதிரையின் ரத்தத்திலிருந்து எடுக்கும் மருந்து அது. சிலருக்கு உயிரைக் குடிக்கும் அளவுக்கு ஒவ்வாமை வரும். இதைப் புத்தகத்தில் படித்த ஹவுஸ் சர்ஜன் தேர்வில் சரியாக எழுதிவிடுவார். ராத்திரி இரண்டு மணிக்கு அவர் கை பிளாஸ்டிக் டியூபை நோக்கிப் போகும்போது, பக்கத்தில் நின்று "அது வேண்டாம், இதை எடு" என்று சொல்ல ஓர் ஆசிரியர் வேண்டும்.

அப்படிச் சொல்லும்போது கண்ணாடி டியூபும் விஷமுறிவு மருந்தும் அலமாரியில் இருக்க வேண்டும். நான் அறிந்த ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சம்பா அறுவடை நேரத்தில் மருந்து தீர்ந்துபோனது. முந்தைய ஆண்டு செலவான குப்பிகளைக் கூட்டி, பன்னிரண்டால் வகுத்து, மாதத்துக்கு இவ்வளவு என்று இன்டென்ட் போட்டிருந்தார்கள். கணக்கில் பிழையே இல்லை. ஆனால் பாம்பு மாதத்துக்கு இத்தனை பேரை என்று கணக்கு வைத்துக் கடிப்பதில்லை. தை மாசியில் வார்டில் நின்ற ஒருவர் அந்தத் தாளை ஒரு பார்வை பார்த்திருந்தால் பேனாவை எடுத்துத் திருத்தியிருப்பார்.

வைத்தியம், போதனை, நிர்வாகம் மூன்றும் அந்தக் கட்டிலுக்குத்தான் வந்து சேர வேண்டும். வைத்தியம் செய்கிறவர் பக்கத்தில் நிற்கிறார், போதிக்கிறவர் சற்றுத் தள்ளி நிற்கிறார், நிர்வாகம் செய்கிறவர் இன்னும் தள்ளி நிற்கிறார். அவ்வளவுதான் வித்தியாசம்.

எங்கள் மண்ணிலேயே இதற்குச் சாட்சிகள் உண்டு. கும்பகோணத்தில் யானைக்கால் நோய் பெருகியிருந்த காலத்தில், சுதந்திரத்துக்கு முன்பு, மருத்துவர் எம்.கே. சாம்பசிவன் அங்கே அறுவை சிகிச்சை நிபுணராக இருந்தார். வேளாண் விஞ்ஞானி எம்.எஸ். சுவாமிநாதனின் தந்தை அவர். யானைக்கால் நோய்க் கிருமியைப் பரப்பும் கொசு, தேங்கிய சாக்கடையிலும் கழிவு நீர்க் குழியிலும்தான் பெருகும். சாம்பசிவன் தன் மருத்துவமனையில் உட்கார்ந்து வருகிறவர்களைப் பார்த்து அனுப்பிக்கொண்டே இருந்திருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் ஊர் மக்களைத் திரட்டிக்கொண்டு, கொசு பெருகும் இடங்களை அழிக்கத் தெருவில் இறங்கினார். மக்கள் சேர்ந்து நின்றால் எதுவும் முடியும் என்பதை அப்பாவின் அந்த வேலையைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டதாகச் சுவாமிநாதன் பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார். நோயின் வேர் சாக்கடையில் இருந்ததால் வைத்தியரும் சாக்கடை வரை போனார். கட்டிலை விட்டு விலகியதாக அதைச் சொல்ல முடியுமா?

சீர்காழியில் 1922-இல் ஓர் அரசு மருத்துவரின் மகனாகப் பிறந்தவர் பி. ராமமூர்த்தி. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, வெளிநாட்டில் நரம்பியல் அறுவை சிகிச்சை பயின்று திரும்பி, 1950-இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் அந்தத் துறையைத் தொடங்கினார். அப்போது இந்தியாவில் மூளையைத் திறந்து அறுவை சிகிச்சை செய்யப் பயிற்சி பெற்றவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். எத்தனை கைதேர்ந்தவராக இருந்தாலும் ஒரு நாளில் எத்தனை மூளைகளைத் திறந்துவிட முடியும்? மறு ஆண்டே, 1951-இல், இந்திய நரம்பியல் சங்கம் தொடங்கியபோது அதன் நிறுவனர்களில் ஒருவராக நின்றார். அடுத்த தலைமுறை அறுவை சிகிச்சை நிபுணர்களைப் பயிற்றுவித்தார். சென்னை மருத்துவக் கல்லூரியின் முதல்வரானார். உலக நரம்பியல் அறுவை சிகிச்சைச் சங்கங்களின் கூட்டமைப்புக்கும் தலைவரானார். கத்தி பிடித்த கைதான் கல்லூரி நிர்வாகக் கோப்பிலும் கையெழுத்துப் போட்டது. ஒரு துறைக்கு என்ன வேண்டும் என்பதை அந்தக் கைக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

சாம்பசிவனின் பேத்தி சௌம்யா சுவாமிநாதன் குழந்தை மருத்துவர். சென்னையில் உள்ள காசநோய் ஆராய்ச்சி மையத்தில் நீண்ட காலம் பணியாற்றினார். காசநோயாளியைச் சானடோரியத்தில் படுக்க வைத்துத்தான் குணப்படுத்த வேண்டும் என்பதில்லை, வீட்டில் வைத்து மருந்து கொடுத்தாலும் அதே பலன் கிடைக்கும் என்று 1950களின் இறுதியில் உலகுக்குக் காட்டிய மையம் அது. ஏழை வீட்டுத் திண்ணையில் படுத்திருந்த நோயாளிகளிடம் கண்டறிந்த உண்மை அது. அங்கிருந்து சென்றவர் 2015-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் தலைமை இயக்குநரானார். 2019-இல் உலக சுகாதார நிறுவனத்தின் முதல் தலைமை விஞ்ஞானியானார். கும்பகோணத்துச் சாக்கடையிலிருந்து ஜெனீவா வரை நீண்ட பாதையாகத்தான் இதை நான் பார்க்கிறேன்.

மருத்துவர் நிர்வாகத்துக்குப் போவதால் மருத்துவமனைக்கு நன்மை உண்டா என்பதை உலகம் ஆராயாமல் இல்லை. அமெரிக்காவின் முன்னணி மருத்துவமனைகளை அமாண்டா குடால் என்ற ஆய்வாளர் 2011-இல் ஒப்பிட்டுப் பார்த்தார். மருத்துவர்கள் தலைமை ஏற்ற மருத்துவமனைகளின் தர மதிப்பெண் கூடுதலாக இருந்தது. மருத்துவர் தலைவரானதால்தான் தரம் உயர்ந்தது என்று அந்த ஆய்வு நிறுவவில்லை. நல்ல மருத்துவமனைகள் மருத்துவர்களைத் தேடித் தலைவர்களாக்கியும் இருக்கலாம். ஆனாலும் வார்டு தெரிந்தவர் நாற்காலியில் இருப்பது வீண் இல்லை என்று எண்ண அது இடம் தருகிறது.

மறுபக்க நியாயத்தையும் சொல்ல வேண்டும். நிர்வாகத்துக்குப் போன நண்பர் ஒருவர் என்னிடம் வாதாடுவார்: "நீ ஒரு காலையில் அறுபது பேரைப் பார்க்கிறாய். நான் ஒரு கோப்பை நகர்த்தினால் ஒரு மாவட்டத்துக்கே மருந்து போகிறது." அவர் சொல்வது முழுக்க உண்மை. வீட்டில் அம்மாக்கள் வேறு மாதிரிப் பேசுவார்கள்: "ஃபைல் பாக்கவா உன்னைய டாக்டருக்குப் படிக்க வெச்சோம்?" அதிலும் உண்மை இருக்கிறது. பணத்தையும் மறைக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் அரசு மருத்துவர் பணி நேரம் முடிந்து மாலையில் கிளினிக் வைக்கலாம். நிர்வாகப் பொறுப்பு வந்தால் மாலை நேரம் கூட்டங்களுக்குப் போய்விடும். நல்ல மருத்துவர்கள் பலர் கண்காணிப்பாளர் பதவி என்றதும் ஒதுங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். குடும்பத்தை நினைத்து ஒதுங்குகிறவரை நான் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் விவரம் தெரிந்தவர்கள் எல்லாரும் ஒதுங்கினால், நாற்காலியில் யார் வந்து உட்காருவார்கள் என்பதையும் யோசிக்க வேண்டும்.

நிர்வாகத்துக்குப் போனவர்கள் வார்டைத் திரும்பிப் பார்க்காமல் இருப்பதுதான் ஆபத்து. மேட்டூரில் இத்தனை ஆயிரம் கன அடி திறந்தார்கள் என்று செய்தி வரும். வேதாரண்யம் பக்கத்துக் கடைமடை விவசாயி வாய்க்காலைப் பார்த்துத்தான் தண்ணீர் வந்ததா என்று சொல்வார். மருத்துவ நிர்வாகமும் அப்படித்தான். நான் மதிக்கும் ஒரு கண்காணிப்பாளர் வாரத்தில் ஒரு நாள் காலை ஓ.பி.யில் எல்லாரையும் போல உட்கார்ந்து நோயாளிகளைப் பார்ப்பார். சர்க்கரை மாத்திரை ஒரு மாதத்துக்கு எழுதினால் மருந்தகத்தில் பத்து நாளைக்குத்தான் கொடுக்கிறார்கள் என்பதை ஒரு பாட்டி சொல்லித்தான் அவர் தெரிந்துகொண்டார். அந்த வாரமே அது சரியானது. எந்த மாதாந்திர அறிக்கையிலும் அந்த விஷயம் வந்திருக்கவில்லை.

ஒரு காலத்தில் டெல்டாவுக்குத் தஞ்சாவூர் ராசா மிராசுதார் ஆஸ்பத்திரியும் மெடிக்கல் காலேஜும்தான் கதி. 2010-இல் திருவாரூருக்கும் 2022-இல் நாகப்பட்டினத்துக்கும் அரசு மருத்துவக் கல்லூரிகள் வந்துவிட்டன. கட்டடம் எழும்பிவிட்டது, கருவிகளும் வந்துவிடும். சொல்லிக்கொடுப்பவர்களும் நடத்திச் செல்பவர்களும் எங்கள் பிள்ளைகளிலிருந்துதான் வர வேண்டும்.

ஆகவே என்னிடம் கேட்கிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். எந்தப் பக்கம் வேண்டுமானாலும் போங்கள். பாடம் நடத்தப் போனால் வகுப்பறையோடு நிற்காமல் இரவு வார்டில் மாணவர் பக்கத்தில் நில்லுங்கள். நாற்காலி தேடி வந்தால் பயந்து மறுக்காதீர்கள். உட்கார்ந்த பிறகு வாரத்தில் ஒரு காலையாவது ஓ.பி.யை விடாதீர்கள், எந்தக் கூட்டம் வந்தாலும் அந்த நேரத்தை யாருக்கும் கொடுக்காதீர்கள். அதைக் கொடுத்துவிட்ட மருத்துவர் அதிகாரியாக நீடிக்கலாம். மருத்துவத்துக்குத் தலைமை தாங்க முடியாது.