குருவின் ஒழுக்கமும் பிள்ளைகளின் கல்வியும்

சிவாலயங்களின் தெற்குக் கோட்டத்தில் கல்லால மரநிழலில் வீற்றிருப்பவர் தட்சிணாமூர்த்தி. சனகர், சனந்தனர், சனாதனர், சனற்குமாரர் என்னும் நால்வருக்கும் அவர் வாய்திறந்து ஒன்றும் கூறவில்லை. சின்முத்திரை காட்டி அமர்ந்திருந்தார். நால்வரும் ஐயம் நீங்கினர். குருவின் இருப்பே பாடம் என்பது இதன் தாற்பரியம். பாடசாலைப் பிள்ளைகளும் கரும்பலகையைப் பார்க்குமுன் ஆசிரியரையே பார்க்கிறார்கள். மணியடித்துக் கால்மணி நேரம் கழித்து வகுப்புக்கு வருபவர் நேரந்தவறாமையைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் அது ஏறாது.

பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்தில் நல்லாசிரியரை நிலம், மலை, துலாக்கோல், மலர் என்பவற்றுக்கு ஒப்பிட்டார். அதனோடு விடாது, ஆசிரியராகத் தகாதவர்களையும் கழற்குடம், மடற்பனை, பருத்திக் குண்டிகை, முடத்தெங்கு என்னும் உவமைகளாற் காட்டினார். இந்நூலுக்குக் காண்டிகையுரை எழுதிய ஆறுமுக நாவலர், வெஸ்லியன் மிஷன் பாடசாலையில் வகித்த ஆசிரியப் பதவியைத் துறந்து 1848 இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியவர் என்பது யாவரும் அறிந்ததே.

அவ்வுவமைகளுள் பனையும் தென்னையும் நமது ஊர்ப் பிள்ளைக்கும் விளங்கும். மட்டைகள் சூழ்ந்த பனையில் ஏற முடியாது. தானாக விழுவதைத்தான் பொறுக்கலாம். கேள்வி கேட்டாற் சீறும் ஆசிரியர் அத்தகையவர். அவரிடம் பிள்ளை கேட்பதையே விட்டுவிடும். விளங்காதது விளங்காமலே கிடந்து பரீட்சைத் தாளில் வெளிப்படும்.

முடத்தெங்கு என்பது வேலிக்கு அப்பால் வளைந்த தென்னை. தண்ணீர் ஊற்றியது ஒரு வளவு, தேங்காய் விழுவது அயல் வளவில். 1945 முதல் இந்நாட்டிற் கல்வி இலவசம். இருந்தும், வகுப்பில் அரைகுறையாக நிறுத்திய கணக்கை மாலையில் ரியூசன் கொட்டிலிற் காசுக்கு முழுமையாகச் செய்துகாட்டும் ஆசிரியர் சிலர் உளர். (எல்லோரும் அல்லர். தம் காசில் ஏழைப் பிள்ளைக்குக் கொப்பி வாங்கிக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களை ஊர் பேசுவதில்லை.) கட்டணம் கொடுக்க இயலாத கூலித் தொழிலாளியின் பிள்ளையும் அதே வகுப்பில்தான் இருக்கிறது. க.பொ.த. சாதாரண தரத்தில் அது கணிதத்திற் தவறினால் 'மூளையில்லாத பிள்ளை' என்று பெயர் சூட்டிவிடுகிறார்கள். அந்தப் பழி உண்மையில் யாரைச் சேரும்?

பெற்றோருக்கும் இதிற் பங்குண்டு. ஆசிரியரிடம் நேரிற் சென்று, "சேர், இந்தக் கணக்குப் பிள்ளைக்கு விளங்கயில்லையாம், வகுப்பிலேயே இன்னொருக்காச் சொல்லிக் குடுங்கோ" என்று பணிவாகக் கேட்பவர் மிகச் சிலரே. வசதியுள்ளவர்கள் ரியூசனுக்குக் காசைக் கட்டிவிடுகிறார்கள். இல்லாதவர்கள் பேசாமல் இருந்துவிடுகிறார்கள்.